தெள்ளுக்கு எதை வாங்குவது? சொட்டு மருந்து, மாத்திரை, வேப்பெண்ணெய், அப்புறம் அந்த வயல் மருந்து

ஐப்பசி அடைமழையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் திருச்சியில் அக்கா வீட்டில் இருந்தோம். எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பின்னால் கொல்லையில் மாட்டுக் கொட்டகை. நாய் மணியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். பூனை எப்போதும் போலத் தெருவுக்கே பொது. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அப்பா முதலில் உள்ளே போய்க் கூடத்து விளக்கைப் போட்டார். போட்டவர் குனிந்து காலைப் பார்த்தார். "என்னம்மா இது, வேட்டியில எள்ளைக் கொட்டின மாதிரி?" என்றார். நான் கிட்டே போய்ப் பார்ப்பதற்குள் அந்த எள் குதித்தது.

நாய் இல்லை, பூனை இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை. பட்டினி கிடந்து செத்திருக்க வேண்டிய பூச்சி, வாசற்படி தாண்டிய ஒரு நிமிஷத்தில் இப்படிப் பாய்கிறதென்றால் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் தெரியாமலேதான் அதற்கு முந்தைய மூன்று மாதமும் பவுடருக்கும் ஷாம்பூவுக்கும் காசைக் கொட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு வழி சொல்லிவிட்டார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டு என்றார் சித்தப்பா. எதிர்வீட்டு அக்கா வேப்பெண்ணெய் பாட்டிலோடு வந்தார். கடைத்தெருவில் பவுடர் டப்பாவைக் காட்டினார்கள். கும்பகோணத்தில் படிக்கிற தம்பி மகன் போனில், "மாத்திரை ஒண்ணு போடுங்க அத்தை, மூணு மாசத்துக்குக் கவலை இல்லை" என்றான். ஆளை வரவழைத்து வீடு முழுக்க மருந்தடித்துவிடலாம் என்றது இன்னொரு யோசனை. சிலவற்றைச் செய்து பார்த்தேன், சிலவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு விட்டுவிட்டேன். எது எதற்கு உதவும், எது காசுக்குக் கேடு, எது உயிருக்கே கேடு என்ற கணக்கை எழுதிவைக்கிறேன்.

தெள்ளா, உண்ணியா?

நம் பக்கத்தில் நாய் மேல் எது ஊர்ந்தாலும் அது உண்ணிதான். மருந்து வாங்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் காசைத் தின்றுவிடும். உண்ணிக்கு எட்டுக் கால். குதிக்காது. காது மடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு ஆமணக்கு விதை மாதிரி உப்பும். தெள்ளு அப்படி ஒட்டி உட்காராது. செம்பழுப்பு நிறம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், இரு பக்கமும் அழுத்தித் தட்டின மாதிரிச் சப்பையான உடம்பு. முடிக்குள் மீன் மாதிரி நழுவும். விரலுக்கிடையில் நசுக்கினால் சாகாது, பேனைக் குத்துவது போல இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்துத்தான் குத்த வேண்டும். நாய் மேல் இருந்தாலும் பெரும்பாலும் அது பூனைத் தெள்ளு என்கிற இனம்தான். நாய், பூனை, ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி என்று எதையும் விடாது. நம் கணுக்காலையும் கடிக்கும், ஆனால் நம் மேல் குடியிருக்காது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், உண்ணிக்கும் சொறிக்கும் தண்ணீரில் கலந்து ஊற்றுகிற அமிட்ராஸ் தெள்ளிடம் பலிக்காது. பக்கத்துத் தெருவில் அவர்கள் நாய்க்குக் கேட்டதே என்று வாங்கி ஊற்றினேன், நானே. மணி இரண்டு நாள் மயங்கி மயங்கிப் படுத்துக்கிடந்ததுதான் மிச்சம், தெள்ளு ஒன்றும் குறையவில்லை. (இன்னொன்று: உண்ணிக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதற்கும் நாய் மேல் இருக்கிற உண்ணிக்கும் சம்பந்தமில்லை. அது புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. நாயைத் திட்டிப் பயனில்லை.)

தெள்ளு கண்ணில் படாமல் நாய் மட்டும் சொறிந்துகொண்டே இருந்தால் ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, நாயை அதன் மேல் நிறுத்தி, வாலின் அடிப்பகுதியில் பேன் சீப்பால் நாலு தரம் வாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாக விழும். அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே கரையும். தெள்ளின் எச்சமாக இருந்தால் துருப்பிடித்த சிவப்பில் பரவும், ஏனென்றால் அது செரிக்காமல் வெளியே வந்த உங்கள் நாயின் ரத்தம். எங்கள் வீட்டுத் தாள் குங்குமம் சிந்தின மாதிரி ஆகிவிட்டது. அம்மா அதற்கப்புறம் அன்று மணியை அடுப்பங்கரைப் பக்கம் விடவில்லை.

பூட்டிய வீட்டின் கணக்கு

தாய்த் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது முட்டை வரை போடும். முட்டை முடியில் ஒட்டாது, உப்புக்கல் மாதிரி உருண்டு நாய் படுக்கிற இடத்தில் விழும். பத்துத் தாய்த் தெள்ளு இருந்தால் ஒரு நாளைக்கு நானூறு, மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம் முட்டை. அதிலிருந்து வரும் வெள்ளைப் புழு வெளிச்சத்துக்குப் பயந்து வெடிப்புக்கும் சாக்குக்கு அடியிலும் போய்விடும். அதற்குச் சாப்பாடு, மேலிருந்து விழுகிற அந்த ரத்த எச்சம்தான். அப்புறம் பட்டு நூல் கூடு கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் அதைத் தூசியிலிருந்து பிரித்தறிய முடியாது. பெரும்பாலான மருந்து அந்தக் கூட்டுக்குள் போகாது. வாரக்கணக்கில், தோதுப்பட்டால் மாதக்கணக்கிலும் அது காத்திருக்கும். தரை அதிர்ந்தால், சூடு தெரிந்தால், மூச்சுக்காற்று பட்டால் உடைத்துக்கொண்டு வெளியே பாயும்.

அப்பாவின் காலடிதான் அன்று அந்தக் கூடுகளைத் திறந்திருக்கிறது.

நாய் மேல் நாம் பார்க்கிற தெள்ளு மொத்தக் கூட்டத்தில் இருபதில் ஒரு பங்குதான் என்று கால்நடை மருத்துவத்தில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். மீதி எல்லாம் முட்டையும் புழுவும் கூடுமாக வீட்டுக்குள் கிடக்கிறது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்வியால்தான் அளந்தேன். அடுத்த முட்டை விழுவதை இது நிறுத்துமா? கூட்டிலிருந்து புதிதாக வருவதையும் கொல்லும் அளவுக்கு, அதாவது இரண்டு மூன்று மாதம், இது தாக்குப்பிடிக்குமா?

நம் டெல்டா இதற்கு வாகான ஊர். இருபத்தைந்திலிருந்து முப்பது டிகிரி வெப்பமும் எழுபது எண்பது சதவீத ஈரப்பதமும் இருந்தால் முட்டை தெள்ளாக மூன்று வாரம் போதும். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை நம் வீடுகளின் நிலவரம் அதுதான். போதாததற்கு மழைக்கு நாயும் பூனையும் திண்ணைக்கும் கூடத்துக்கும் ஏறிவிடும். சித்திரை வெயிலில் திறந்த வாசலில் புழு கருகிச் செத்துவிடும், ஆனால் நிழலான இடத்தில் பிழைத்துக்கிடக்கும்.

சோப்பும் சீப்பும்

செலவில்லாத வழி இது. சாதாரணக் குளியல் சோப்பு நுரையே மேலிருக்கிற தெள்ளை மூழ்கடிக்கும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுவிட்டு அப்புறம் உடம்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் காதுக்குள்ளும் முகத்துக்கும் ஓடும். பேன் சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் மாட்டியது செத்துவிடும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு, பெரும்பாலான மருந்துகளைப் போடக்கூடாது என்பதால், இதுதான் முதல் வழி. ஆனால் முதல் கேள்விக்கு ஒரு நாள் பதில்தான், இரண்டாவதற்குப் பதிலே இல்லை. குளித்த நாய் துவட்டிக்கொண்டு அதே சாக்கில் போய்ப் படுத்தால் அன்று ராத்திரியே புதியது ஏறிவிடும். நான் மூன்று மாதம் செய்தது இதைத்தான்.

வேப்பெண்ணெய், நொச்சி, சாம்பிராணி

வேம்பில் பூச்சியின் வளர்ச்சியைக் கெடுக்கும் சத்து இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் எண்ணெயை நாய் மேல் பூசினால் கிடைப்பது ஓரிரு நாள் விரட்டல், ஒழிப்பு இல்லை. அப்படியே பூசினால் சில நாய்க்குத் தோல் எரியும், நீர்த்துத்தான் பூச வேண்டும். பூனைக்கு வேண்டவே வேண்டாம். பூனை மேல் பூசுகிற எதுவும் அரை மணி நேரத்தில் அதன் வயிற்றுக்குள் இருக்கும், நக்கியே தீர்த்துவிடும். வாசனை எண்ணெய்களுக்கும் இதே கதைதான், அதிலும் டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. நொச்சிப் புகையும் சாம்பிராணியும் கொசுவுக்குச் சரி. கூட்டுக்குள் இருப்பதற்குப் புகை போட்டதே தெரியாது.

வீட்டு வைத்தியம் என்ற பேரில் சொல்லப்படும் மூன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சோற்றில் பூண்டு கலந்து போடுவது நாய், பூனை இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். மண்ணெண்ணெய் தோலைச் சுடும், நக்கினால் நுரையீரலுக்குப் போகும். படுக்கைக்கு அடியில் அந்துருண்டை போட்டால் தெள்ளுக்கு முன்னால் பூனைக்குத்தான் ஆபத்து.

எதிர்வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேப்பெண்ணெயை வாங்கி வைத்துக்கொண்டேன், வெண்டைச் செடிக்கு உதவியது.

வயல் மருந்து

சித்தப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்கு வாங்கி வந்த சொட்டு மருந்தின் அட்டையை எடுத்துப் படித்தவர், "ஃபிப்ரோனில்னு போட்டிருக்கு. இது நம்ம குருத்துப் பூச்சி மருந்தும்மா. அரை லிட்டர் கொட்டகையில கிடக்கு, இந்தச் சின்னக் குழாய்க்கா இவ்வளவு காசு?" என்றார். பெயர் ஒன்றுதான். நெல்லுக்குக் குருணையாகவும் திரவமாகவும் ஃபிப்ரோனில் போடுகிறோம். புகையானுக்கு அடித்த இமிடாக்ளோபிரிட்டும் நாய்களுக்கான சொட்டு மருந்துகளில் இருக்கிறது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு. நாய் மருந்தில் ஃபிப்ரோனில் ஏறத்தாழ பத்து சதவீதம், வயலுக்கான திரவத்தில் ஐந்து. அப்படியானால் வயல் மருந்து வீரியம் குறைந்ததுதானே என்று தோன்றும். ஆனால் நாய் மருந்து பத்து முதல் இருபது கிலோ நாய்க்கு 1.34 மில்லி, பூனைக்கு அரை மில்லி, அவ்வளவுதான். அதைத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தேங்கி மெதுவாகக் கசியும்படி தயாரித்திருக்கிறார்கள். வயல் மருந்தில் கலந்திருப்பது இலையில் பரவி ஒட்டுவதற்கான சரக்கு, தோலுக்குப் பார்த்துச் செய்ததில்லை. ஒரு மூடி என்பது எத்தனை மில்லி, ஒரு வாளி என்பது எத்தனை லிட்டர், நாயின் எடை என்ன என்று யாரும் அளப்பதும் இல்லை.

ஃபிப்ரோனிலாவது பரவாயில்லை. கொட்டகையில் அதற்குப் பக்கத்திலேயே குளோர்பைரிஃபாஸ், மோனோகுரோட்டோபாஸ் வகை பாட்டில்கள் இருக்கும், லேபிள் மழையில் அழிந்திருக்கும். அவை தோல் வழியாகவே உள்ளே போகும். வாயில் நுரை, நடுக்கம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, மூச்சுத் திணறல் என்று போகும். நேரத்துக்கு அட்ரோபின் ஊசி போடாவிட்டால் நாய் பிழைக்காது, குளிப்பாட்டினவர் கையும் தப்பாது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப மாட்டுக்கு அடிக்கிறது?" என்றார். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரினை நாய்க்கும் அளவாகப் பயன்படுத்துகிற மருத்துவர்கள் உண்டு, அது மருத்துவர் சொல்லி அளந்து கலக்க வேண்டியது. பூனை இருக்கிற வீட்டில் அதுவும் வேண்டாம்.

பவுடர், கழுத்துப்பட்டை

விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். பவுடரில் பெரும்பாலும் பெர்மெத்ரின் அல்லது அதன் உறவு. நாய் மேல் தூவினால் சில நாள் வேலை செய்யும், நனைந்தால் போச்சு. வாய்க்காலைப் பார்த்தாலே குதிக்கிற நாய்க்குப் பவுடர் போடுவது ஆற்றில் கரைத்த புளி.

பெரிய சிக்கல் பூனை. பெர்மெத்ரினை உடைத்துக் கழிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், நாய்க்குப் போட்டது மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் தூவினார்கள். கடையில் கேட்டதற்கு இரண்டுக்கும் ஒன்றுதான் என்றார்களாம். ராத்திரி பூனையின் காது துடிக்க ஆரம்பித்து, விடிவதற்குள் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவித் துணியில் சுற்றி மருத்துவரிடம் கொண்டு ஓடினார்கள், பிழைத்தது. அதிலிருந்து தெருவில் யாரும் டப்பாவில் நாய்ப் படம் மட்டும் போட்டிருந்தால் பூனைப் பக்கம் கொண்டுபோவதில்லை.

கழுத்துப்பட்டையில் மலிவானது நாலு நாளைக்கு வாசனை, அவ்வளவுதான். இமிடாக்ளோபிரிட்டும் ஃப்ளூமெத்ரினும் சேர்ந்த நல்ல வகை எட்டு மாதம் வரை உழைக்கும், அதில் பூனைக்கென்றே தனியாகவும் உண்டு. மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அடிக்கடி நனைகிற நாய்க்கு நாள் குறையும், தெருவில் சண்டை போடுகிற நாய் இரண்டாம் நாளே பட்டையைத் தொலைத்துவிட்டு வரும். வீட்டோடு இருக்கிற, ஈரத்துக்குப் போகாத நாய்க்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

சொட்டு மருந்தா, மாத்திரையா

கடைசியில் போட்டி இந்த இரண்டுக்குள்தான். இரண்டுமே அந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கின்றன.

சொட்டு மருந்தைத் தோள்பட்டைகளுக்கு நடுவில், நாக்கு எட்டாத இடத்தில், முடியைப் பிரித்துத் தோலில் விட வேண்டும். முடி மேல் விட்டால் வீண். ஃபிப்ரோனில் என்றால் போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. தெள்ளு கடிக்காமலே, பட்டாலே சாகும். மெத்தோபிரீன் சேர்ந்த வகை முட்டை பொரிப்பதையும் தடுக்கும். பூனைக்கு எளிது இதுதான். பூனைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செலமெக்டின் என்கிற சொட்டு மருந்து காதுப் பூச்சிக்கும் சில குடற்புழுவுக்கும் சேர்த்து வேலை செய்வதால் பூனை வைத்திருப்பவர்களுக்கு என் முதல் தேர்வு.

குறை என்னவென்றால் தண்ணீர். மருந்து போட்ட அன்றே நாய் குளத்தில் இறங்கினால் மருந்தும் குளத்தில் இறங்கிவிடும். ஃபிப்ரோனில் மீனுக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் ஆகாது. குழந்தைகள் கட்டிப்பிடிக்கிற நாய் என்றால் காயும்வரை தள்ளி வைக்க வேண்டும்.

மாத்திரை வேறு மாதிரி. அஃபாக்ஸோலானர் மாதம் ஒன்று, ஃப்ளூராலானர் ஒன்று போட்டால் பன்னிரண்டு வாரம். ரத்தத்தில் கலந்து, கடிக்கிற தெள்ளைக் கொல்லும். கடித்தால்தான் சாகும் என்பது குறை மாதிரித் தெரியும். ஆனால் புதிதாக ஏறிய தெள்ளு முட்டை போட ஆரம்பிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், மாத்திரை அதற்குள் கொன்றுவிடுகிறது. குளிக்கலாம், வாய்க்காலில் குதிக்கலாம், மழையில் நனையலாம். உண்ணியும் சேர்ந்து போகும். ஃப்ளூராலானரைச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள்.

விலைதான் உறுத்தும், அதுவும் பெரிய நாய்க்கு. இன்னொன்று, வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு இந்த வகையைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் இந்த வகை முழுவதற்கும் அப்படி ஒரு எச்சரிக்கை கொடுத்தது. மணிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

எடை பார்த்துத்தான் இரண்டையும் வாங்க வேண்டும், கண் திட்டத்தில் வாங்கினால் காசு வீண். மணியை நெல் மூட்டை போடுகிற எடை மெஷினில் தூக்கி நிறுத்தினோம், பதினேழு கிலோ. அதுவரை கடையில் எல்லாரும் பத்துக் கிலோ இருக்கும் என்றே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அருகில் இருக்கும் கால்நடை மருந்தகத்திலேயே எடைக்கு ஏற்ற அளவைக் கேட்கலாம். தோல் மிகவும் புண்ணாகியிருந்தால் ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஆக, வாய்க்கால் கரை நாய்க்கு மாத்திரை, பூனைக்குப் பூனைக்கான சொட்டு மருந்து. தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் மாத்திரைதான், பிடித்து முதுகில் சொட்டு விடுவது நடக்காத காரியம், ஒரு கருவாட்டுத் துண்டில் வைத்துக் கொடுத்துவிடலாம். எது போட்டாலும் வீட்டில் இருக்கிற எல்லாப் பிராணிக்கும் ஒரே வாரத்தில் போட வேண்டும். குடற்புழு மருந்தையும் கூடவே கேளுங்கள். தெள்ளை நாய் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும், ஆசனவாயில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான். கையில் காசே இல்லை என்றால் சோப்பு, சீப்பு, அடுத்துச் சொல்லப்போகும் பெருக்கல். ஒரு முறைக்காவது மாத்திரைக்குக் காசு சேர்க்க முடிந்தால் அது மழைக்காலத்துக்குள் வரட்டும்.

வீட்டுக்குள்

வீடு முழுக்க மருந்தடிப்பதை நான் செய்யவில்லை, வருத்தமும் இல்லை. நம் வீடுகளில் சிமெண்டுத் தரையைத் தினம் பெருக்கி, ஈரத்துணியால் துடைக்கிறோம். தரை நடுவில் புழு தங்காது, அங்கே அடித்த மருந்தை மறுநாள் நாமே துடைத்துவிடுவோம். தெள்ளு வளர்வது துடைப்பம் போகாத இடத்தில். எங்கள் வீட்டில் அது மூன்று இடம். திண்ணைக்கு அடியில் இருந்த வெடிப்பு, கூடத்து மூலையில் நெல் மூட்டைக்கு அடியில் போட்ட பழைய சாக்கு, கொட்டகையில் மணி மத்தியானம் படுக்கிற வைக்கோல். மூட்டையை நகர்த்தியபோது சாக்கு மடிப்பில் புழு நெளிந்தது, ரவை நீளம், வெள்ளை நூல் மாதிரி. மூட்டைக்கு அடியில் எலி வளையும் இருந்தது. எலிக்கு வேறு தெள்ளு உண்டு, பிளேக் பரப்பியது அதுதான். அதை 1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். இன்று நம் பக்கத்தில் பிளேக் இல்லை, ஆனாலும் எலித் தெள்ளால் ஒரு வகைக் காய்ச்சல் வரும். எலியை முதலில் கொன்றால் அதன் தெள்ளு ஆளைத் தேடி வரும் என்பதால், தெள்ளுக்குப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எலிப்பொறி வைத்தோம்.

சாக்கையும் பழைய வைக்கோலையும் எரித்தோம். மணி படுக்கிற துணியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, வெயில் வந்த நாளில் உலர்த்தினோம், வாரம் ஒரு முறை. வெடிப்பைச் சிமெண்டால் பூசினோம். கட்டிலுக்கு அடியிலும் மூலையிலும் தினம் இரண்டு தரம் பெருக்கிக் குப்பையை அடுப்பில் போட்டோம். பெருக்கும் அதிர்வில் கூடு உடைத்துக்கொண்டு தெள்ளு வெளியே வரும். அது நல்லதுதான், மாத்திரை போட்ட நாய் காத்திருக்கிறது. உப்புத் தூவினால் புழு சாகும் என்று சொல்வார்கள். ஐப்பசியில் நம் ஊரில் உப்புச் சாடியிலேயே தண்ணீர் நிற்கிறது, தரையில் தூவின உப்பு யாரை உலர்த்தப் போகிறது?

மரச் சாமான் நிறைந்த, மாடி வைத்த, மெத்தையும் கம்பளமும் உள்ள வீடு என்றால் மருந்தடிப்பதில் அர்த்தம் உண்டு. அப்போது வளர்ச்சியைத் தடுக்கும் பைரிப்ராக்ஸிஃபென் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் பூச்சிக்கொல்லி மட்டும் அடித்தால் முட்டையும் புழுவும் தப்பிவிடும். பூனையும் மீன் தொட்டியும் இருந்தால், பூனை தரை காயும்வரை வெளியே இருக்க வேண்டும், தொட்டியை மூட வேண்டும்.

ஒரே ஒரு வீட்டுத் தந்திரத்தை மட்டும் மனதாரச் சொல்வேன். ராத்திரி தரையில் அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அதன் பக்கத்தில் மேசை விளக்கைச் சாய்த்து வைக்க வேண்டும். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் குதித்து வந்து விழும். இது தெள்ளை ஒழிக்காது. ஆனால் நிலவரம் என்ன என்று எண்ணிப் பார்க்கலாம். அம்மாவின் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கேட்டபோது, "வெத்தலை பாக்கு வைக்கிற தட்டும்மா அது" என்று முனகிக்கொண்டே கொடுத்தார்கள்.

மணிக்கு மாத்திரை, பூனைக்குச் சொட்டு மருந்து போட்ட அன்று தாம்பாளத்தில் முப்பத்தொன்று. ஒரு வாரத்தில் பன்னிரண்டு. மூன்றாவது வாரம் திரும்பவும் இருபத்துநாலு. இந்த இடத்தில்தான் எல்லாரும் மருந்து சரியில்லை என்று வேறு மருந்துக்குத் தாவுகிறார்கள். சித்தப்பாவும் கொட்டகைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவை முன்பே கூட்டுக்குள் போயிருந்தவை, புதிதாக முட்டை போட்டு வந்தவை அல்ல என்று சொல்லி நிறுத்தி வைத்தேன். மார்கழியில் ஐந்து, அப்புறம் இரண்டு. பூனைக்கு மாதம் தவறாமல் சொட்டு மருந்து விட்டோம். தை இரண்டாம் வாரம் தொடர்ந்து நாலு ராத்திரி தட்டில் விழுந்தது ஈசல் மட்டும்.

பன்னிரண்டு வாரம் முடிகிற தேதியில் மணிக்கு இரண்டாவது மாத்திரையும் கொடுத்தாயிற்று, அடுத்த தேதியைச் சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறேன். தாம்பாளத்தை அம்மா புளி போட்டு மூன்று தரம் தேய்த்து உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.